எண்பத்தைந்து கிராம்

பகலெல்லாம் சக்கரங்களுக்கு எடை ஒட்டுகிறவள் நான்.
பர்ராதாஸின் டயர் கடை, எவோரா சாலையில்.
இயந்திரம் சுழற்றிப் பார்த்துச் சொல்லும்:
இங்கே பதினைந்து, உள்பக்கம் இருபது.
ஒட்டுவேன். மறுபடி சுழற்றுவேன். பூஜ்யம்.
வேன்காரர்கள் அந்தப் பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான்
பர்ஸைத் திறப்பார்கள்.

இரவில் என் தொலைநோக்கி
சொன்ன பேச்சு கேட்பதில்லை.
இரண்டு நிமிடம் திறந்து வைத்தால்
நட்சத்திரம் முட்டை.
ஐந்து நிமிடத்தில் அரிசி.
பத்தாவது நிமிடத்தில் புழு.

துணைக்கு ஒரு வழிகாட்டிக் குழாய் வேண்டும்.
பெரியது படம் பிடிக்கையில்
சின்னது ஒரே ஒரு நட்சத்திரத்தை முறைத்தபடி இருக்கும்;
அது இம்மி நகர்ந்தாலும்
மோட்டாரின் காதைத் திருகும்.
கடையில் விலை கேட்டேன். இரண்டு மாத வாடகை.
கேட்டதற்கு நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமைச் சந்தையில் ஏழு யூரோவுக்கு
ஒரு பொம்மைத் தொலைநோக்கி கிடைத்தது.
பெட்டியின் மேல் சனிக்கோள்
கால்பந்து அளவில் பொய் சொன்னது.
கண்ணாடி மட்டும் நல்ல கண்ணாடி.
ஆடுகிற கழுத்துக்கு
குழாய்க்காரன் ஃபிர்மினோவின் வெள்ளை டேப், பதினோரு சுற்று.
வளையங்களும் அவன் தந்ததுதான்:
கழிவுநீர்க் குழாயில் அறுத்த இரண்டு துண்டு,
துண்டுக்கு மூன்று திருகாணி.
"இதில் தண்ணீர் எங்கே போகும், லியோனில்டா?"
"மேலே."
காசு வாங்கவில்லை.

திருகாணி முனைகளில் தக்கை வைத்தேன்.
எங்கள் ஊரில் எதற்கும் தக்கைதான்,
மரத்தை உரித்தே பிழைக்கிற ஊர்.
கணினித் திரையில் கோடு ஆடாமல் ஓடிற்று,
வழிகாட்டி சொன்னது: எல்லாம் சுகம், எல்லாம் சுகம்.
படத்தில் அதே அரிசி.

நாலு இரவு போனது இதைப் பிடிக்க.
குளிர ஏறிய குளிரில் தக்கை சுருங்கி
சின்னக் குழாய் மெல்லத் தலை சாய்த்திருக்கிறது.
தன் நட்சத்திரத்தை அது விடவில்லை.
பெரியதைத்தான் கூடவே இழுத்துப் போயிருக்கிறது.
தக்கையைப் பிய்த்து எறிந்தேன்.
இரும்பு கடிக்கட்டும். கீறல் விழட்டும்.

அப்புறம் எடை.
படுத்திருக்கும்போது சாதுவாக இருக்கும் குழாய்
உச்சியைப் பார்க்கச் சொன்னால்
பக்கவாட்டில் சரிந்தது, குடித்தவன் மாதிரி.
எதிர்ப்பக்கம் தொங்கும் கேமரா கொஞ்சம் ஈடு கட்டியது.
மிச்சத்துக்குக் கடைப் பெட்டியில் கை விட்டேன்.
ஐந்து கிராம், ஐந்து கிராம், பத்து,
கேமராப் பக்கம் வரிசையாக ஒட்டிக்கொண்டே போய்
எண்பத்தைந்தில்
விட்ட இடத்தில் நின்றது.

அந்த எதிரெடைத் தண்டையும்
மயிரிழைக்குச் சரிபார்த்தேன்.
விரலால் தட்டினால் எந்தப் பக்கமும் விருப்பமில்லை.
பூஜ்யம்.
நாய்க்குக்கூடச் சொன்னேன்.

அன்றைக்குத்தான் கோடு பைத்தியம் பிடித்து ஆடியது.

பல்சக்கரத்தில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
ஒரு தாள் நுழைகிற இடைவெளி உண்டு.
எந்தப் பக்கமும் கனமில்லாதபோது
பல் எதன்மேல் சாய்வது என்று தெரியாமல்
அங்கும் இங்கும் இடித்துக்கொள்கிறது.
எதிரெடையை நகக்கண் அகலம் நகர்த்தி
கிழக்குப் பக்கம் ஒரு சொட்டு கனம் வைத்தேன்.
பூஜ்யத்தை விற்றுச் சாப்பிடுகிற கை,
கொஞ்சம் கூசியது.

மார்ச் மாதம், காலை மூன்று மணி.
பத்து நிமிடம் ஓடி முடிந்து படம் இறங்கியது.
நட்சத்திரமெல்லாம் வட்டம். மூலையில் இரண்டு மட்டும் முட்டை,
அதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.
நடுவில் அந்தச் சுழல் மண்டலம்,
கைகளை வீசிக்கொண்டு ஒரு சக்கரம்.
அதன் ஒரு கை முடிகிற ஓரத்தில்
சின்னதாய் இன்னொரு மண்டலம்,
யாரோ அவசரத்தில் ஒட்டிப் போன எடை போல.

இன்னும் பூஜ்யம் ஆகவில்லை.
பார்த்தாலே தெரிகிறது.

திங்கட்கிழமை கணக்குப் புத்தகத்தில் எழுதினேன்:
ஒட்டும் எடை, எண்பத்தைந்து கிராம், என் சம்பளத்தில் கழிக்கவும்.
வண்டி எண்: இல்லை.
சக்கரம்: ஒன்று.
அளவு என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து, எடுத்து,
அடுத்த வேனைக் கூப்பிட்டேன்.